கைமாறி வந்த பயம்

பழைய திகில் கதைகளில் ஊறிய நாலு பேர் ஓரிடத்தில் கூடி, அவரவருக்குப் பிடித்ததைச் சொல்லச் சொன்னால் ஒரு வேடிக்கை நடக்கும். ஆள் வேறு, ஊர் வேறு, வயது வேறு. பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அல்ஜெர்னான் பிளாக்வுட்டின் 'தி வில்லோஸ்' இல்லாமல் இருக்காது. எம். ஆர். ஜேம்ஸின் ஒரு கதை, ஆர்தர் மேக்கனின் ஒரு கதை, லவ்கிராஃப்டின் இரண்டு மூன்று, ராபர்ட் சேம்பர்ஸின் 'தி யெல்லோ சைன்', ஹோப் ஹாட்ஜ்ஸனின் 'தி வாய்ஸ் இன் தி நைட்'. பெரும்பாலும் 1890க்கும் 1930க்கும் நடுவே எழுதப்பட்டவை. அந்த நாற்பது வருடத்தில் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த திகில் கதைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் இந்தக் கொஞ்சத்தை மட்டும் தேர்ந்தெடுத்தது யார்?

பல்கலைக்கழகங்கள் இல்லை. அவை இந்தப் பக்கம் திரும்பியதே வெகு தாமதமாக. வாசகர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம், ஆனால் அதுவும் பாதி உண்மைதான். வாசகர் கூட்டம் ஓட்டுப்போட்டு ஜெயிக்கவைத்த கதைகளில் பெரும்பாலானவை இன்று யாருக்கும் நினைவில்லை. தங்கியவை, ஏழெட்டுப் பிடிவாதக்காரர்கள் 'இதைப் படி, இதைப் படி' என்று ஓயாமல் அடுத்தவர் கையில் திணித்த கதைகள்.

அதற்கு முன், இவை எந்த வகைக் கதைகள் என்று சொல்லிவிட வேண்டும். நம் சினிமாப் பேய்க்கு ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு. யாரோ ஏமாற்றியிருப்பார்கள், யாரோ நிலத்தைப் பிடுங்கியிருப்பார்கள், பேய் வந்து கணக்குத் தீர்த்துவிட்டுப் போகும். 2011இல் வந்த 'காஞ்சனா' படத்தில் பேய்க்கு நியாயம் கிடைத்ததும் அரங்கில் கைதட்டல். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' கதை அப்படியல்ல. வீட்டு வேலைக்கென்று வந்து சேரும் அந்தப் பெண் யார், எதற்காக வந்தாள், நடந்ததில் எது நிஜம் என்று கடைசிவரை உறுதியாக எதுவும் நம் கையில் கிடைப்பதில்லை. 1943இல் புத்தகமாக வந்த அந்தத் தொகுப்பைப் படித்தவர்களுக்கு நான் சொல்லவருவது சட்டென்று பிடிபடும். முன்கதையும் பழிவாங்கலும் இருந்தால் அது பேய்க்கதை. உலகம் நாம் நினைத்தபடி இல்லையோ என்கிற சந்தேகத்தை மட்டும் விதைத்துவிட்டு, விளக்கம் தராமல் விலகிக்கொள்வது இந்த இன்னொரு வகை. அமானுஷ்யத் திகில் என்று வைத்துக்கொள்வோம்.

'தி வில்லோஸ்' இதற்கு அளவுகோல் மாதிரி. 1907இல் வெளியானது. இரண்டு நண்பர்கள் படகில் டான்யூப் நதியில் போகிறார்கள், நதியில் வெள்ளம். ஒருவன் கதைசொல்லி, இன்னொருவன் ஸ்வீடன்காரன். அவனுக்குக் கற்பனையே கிடையாது என்று முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. மனித வாடையே இல்லாத சதுப்பு வெளியில், வில்லோ புதர்கள் மண்டிய ஒரு மணல் திட்டில் கூடாரம் போடுகிறார்கள். வெள்ளம் திட்டைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீரில் ஏதோ புரண்டு போகிறது. பிணம் என்று பதறி, நீர்நாய் என்று சிரிக்கிறார்கள். தூரத்தில் படகில் போகும் ஒருவன் இவர்களைப் பார்த்து என்னவோ கத்திவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு போகிறான். அதுவரை எல்லாமே வழக்கமான ஏற்பாடுதான்.

மறுநாள் காலையில் ஸ்வீடன்காரன் சாதனங்களைப் பார்க்கப் போகிறான். துடுப்புகளில் ஒன்றைக் காணோம். படகின் அடிப்பலகையில் நீளமாக ஒரு கிழிசல். மிச்சமிருக்கிற ஒரே துடுப்பின் தட்டை யாரோ பொறுமையாக, அழகாக, ஒரே சீராகச் சுரண்டி வைத்திருக்கிறார்கள். அதை வைத்து ஒருமுறை வலித்தாலே முறிந்துபோகும். கதைசொல்லி காற்றைக் காரணம் சொல்கிறான், மணல் உரசியிருக்கும் என்கிறான். சொல்லும்போதே, ராத்திரி இவனே எழுந்து இதைச் செய்திருப்பானோ என்று நண்பனைச் சந்தேகிக்கிறான். மணலெங்கும் புனல் வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கின்றன. இவ்வளவுதான். கோரமான ஒரு முகம்கூட எட்டிப்பார்க்கவில்லை. கற்பனையே இல்லாத மனிதன்தான் முதலில் நிலைமையைப் புரிந்துகொண்டு, அவற்றைப் பற்றி நினைக்காதே, நினைத்தால் நம்மைக் கண்டுபிடித்துவிடும் என்று எச்சரிக்கிறான். அந்தத் துடுப்பு வரும் பக்கத்துக்காகவே இந்தக் கதையை யாருக்கும் சிபாரிசு செய்யலாம். பிளாக்வுட் அந்த நதியில் தானே படகு ஓட்டிப் போனவர். 1901இல் அதைப் பற்றிப் பயணக் கட்டுரையும் எழுதியிருக்கிறார். கதையின் முதல் பக்கங்களில் நதி அத்தனை நிஜமாக இருப்பது அதனால்தான்.

இனி ஓட்டுக்கு வருவோம். 1923 மார்ச்சில் அமெரிக்காவில் 'வியர்ட் டேல்ஸ்' என்ற பத்திரிகை தொடங்கியது. மட்டமான காகிதம், பளபளக்கும் அட்டை, உள்ளே முழுக்க அமானுஷ்யம். 1954 வரை தட்டுத்தடுமாறி ஓடியது. அதில் 'தி ஐரி' என்றொரு வாசகர் கடிதப் பகுதி. இந்த இதழில் எந்தக் கதை பிடித்தது என்று ஆசிரியர் கேட்பார், வாசகர்கள் எழுதிப்போடுவார்கள், எது முதலிடம் என்று பிந்திய இதழில் அறிவிப்பு வரும். சண்டைகளுக்கும் குறைவில்லை. 1934இல் ராபர்ட் பிளாக் என்ற பதினேழு வயதுப் பையன் அந்தப் பகுதியில் ராபர்ட் ஹோவார்டின் கோனன் கதைகளைக் கிழித்துத் தொங்கவிட, கோனன் ரசிகர்கள் அவனைத் திருப்பிப் போட்டு மிதித்தார்கள். பின்னாளில் 'சைக்கோ' நாவலை எழுதியது அந்தப் பையன்தான்.

அந்த ஓட்டுகளில் அடிக்கடி முன்னால் நின்றவர் லவ்கிராஃப்ட் அல்ல, சீபரி குவின். ஜூல்ஸ் டி கிராண்டின் என்ற பிரெஞ்சு அமானுஷ்யத் துப்பறிவாளனை வைத்து 1925 முதல் கால் நூற்றாண்டு காலம் தொண்ணூற்றுச் சொச்சம் கதைகள் எழுதியவர். அட்டைப்படம் அவருக்கு, பாராட்டுக் கடிதம் அவருக்கு. இடையில் ஈமச்சடங்குத் தொழில்காரர்களுக்கான பத்திரிகை ஒன்றையும் நடத்தினார் என்பது இந்தத் துறையின் மிகப் பொருத்தமான உப தகவல். இன்று அவரைப் படிப்பது பழைய பத்திரிகை சேகரிப்பவர்கள் மட்டும். காரணம் ஊகிக்க முடியாததல்ல. டி கிராண்டின் ஒவ்வொரு மாதமும் புதிரை அவிழ்த்துவிடுவான். படித்து முடித்தபின் யோசிக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. மாதாமாதம் சந்தா கட்டுகிறவனுக்கு அது வசதி.

கூட்டம் எப்போதுமே தப்பாகத்தான் ஓட்டுப்போடும் என்றும் சொல்லிவிட முடியாது. 1926 செப்டம்பர் இதழில் எச். எஃப். ஆர்னால்ட் எழுதிய 'தி நைட் வயர்' வந்தது. வாசகர்கள் கொண்டாடினார்கள், இன்றும் கொண்டாடுகிறார்கள், அது நியாயமும்கூட. இரவு ஷிஃப்டில் ஒரு செய்தி அலுவலகம். ஒரே நேரத்தில் இரண்டு தந்திக் கம்பிகளின் செய்தியை, இரண்டு கையால் இரண்டு தட்டச்சு இயந்திரங்களில் அடிக்கக்கூடிய ஜான் மோர்கன் என்ற ஊழியன். சீபிகோ என்ற ஊரிலிருந்து செய்தி வரத்தொடங்குகிறது: கல்லறைத் தோட்டத்திலிருந்து கிளம்பிய மூடுபனி ஊரைச் சூழ்கிறது, ஜனங்கள் தேவாலயத்தில் கூடுகிறார்கள். செய்தி அனுப்புகிறவனின் குரல் துண்டு துண்டாக மாறிக்கொண்டே போகிறது. கதைசொல்லி அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை என்று கண்டுபிடிக்கிறான். முடிவை நான் சொல்லப்போவதில்லை. சில பக்கக் கதை. எழுதியவர் அந்தப் பத்திரிகையில் நட்சத்திரமும் அல்ல.

ஓட்டை மீறிய பிடிவாதத்துக்கு ஆதி உதாரணம் லவ்கிராஃப்டேதான். அவரை எழுத்தாளராக மட்டும் பார்ப்பது என்னைப் பொறுத்தவரை குறை மதிப்பீடு. வாசகராக அவர் இன்னும் பெரியவர். 1927இல் 'சூப்பர்நேச்சுரல் ஹாரர் இன் லிட்டரேச்சர்' என்ற நீண்ட கட்டுரையை எழுதி வெளியிட்டார். அது வந்த 'தி ரெக்லூஸ்' என்ற சிறுபத்திரிகை ஓர் இதழோடு நின்றுபோனது. அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் மேக்கன், பிளாக்வுட், டன்சனி, எம். ஆர். ஜேம்ஸ் நால்வரையும் சமகால மேதைகளாக நிறுத்துகிறார். இன்று ரசிகர்கள் வாயில் தானாக வரும் வரிசை அதுதான். தெரிந்தோ தெரியாமலோ எல்லோரும் அவர் பட்டியலை ஒப்பிக்கிறார்கள். 'தி வில்லோஸ்' கதைக்கு ஈடு இல்லை என்று அவர் கடிதங்களில் சொல்லிச் சொல்லி அலுக்கவில்லை.

அந்தக் கட்டுரையைத் திருத்தித் தொடராக மறுபடி போட்டது 'தி ஃபேன்டஸி ஃபேன்' என்ற ரசிகர் இதழ். 1933 செப்டம்பரில் அதைத் தொடங்கிய சார்லஸ் ஹோர்னிக்குக்கு அப்போது பதினேழு வயது. பதினெட்டு இதழ்கள் வந்து நின்றது, தொடரும் பாதியிலேயே நின்றது. டொனால்ட் வான்ட்ரே என்ற இளைஞன் கதை இன்னும் சுவாரஸ்யம். 'தி கால் ஆஃப் கதூலு' கதையை வியர்ட் டேல்ஸ் ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். 1927இல் லிஃப்ட் கேட்டு லவ்கிராஃப்டைப் பார்க்கப் புறப்பட்ட வான்ட்ரே, வழியில் சிகாகோவில் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்து, அந்தக் கதை வேறு பத்திரிகைக்குப் போகப்போகிறது என்கிற மாதிரி ஒரு பேச்சைப் போட்டுவைத்தான். ரைட் கதையைத் திரும்பக் கேட்டு வாங்கி 1928 பிப்ரவரி இதழில் போட்டார். இன்று பொம்மையாகவும் பனியனாகவும் விற்கும் கதூலு ஒரு ரசிகனின் சாமர்த்தியத்தில் அச்சேறிய சங்கதி.

1937இல் லவ்கிராஃப்ட் நாற்பத்தாறு வயதில் இறந்தபோது, அவர் கதைகளைத் திரட்டிய ஒழுங்கான ஒரு தொகுப்புக்கூட இல்லை. வான்ட்ரேயும் எழுத்தாளர் அகஸ்ட் டெர்லெத்தும் பதிப்பகங்களை அணுகி, நடக்காமல், தாங்களே 'ஆர்க்கம் ஹவுஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1939இல் 'தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்' வந்தது. 1268 பிரதிகள். அவை விற்றுத்தீரவே சில வருடங்கள் ஆயின. 1945இல் விமர்சகர் எட்மண்ட் வில்சன் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் லவ்கிராஃப்டை எழுதத் தெரியாதவர் என்று தூக்கியெறிந்தார். அமெரிக்க இலக்கியத்தின் செவ்வியல் நூல்களைச் சீரான பதிப்புகளாகக் கொண்டுவர வேண்டும் என்று கனவு கண்டவரும் அதே வில்சன்தான். அந்தக் கனவில் பிறந்த 'லைப்ரரி ஆஃப் அமெரிக்கா' 2005இல் லவ்கிராஃப்டுக்கு ஒரு தொகுதி ஒதுக்கியது.

ஆனாலும் வில்சன் சொன்னதில் விஷயமே இல்லை என்று ரசிகர்கள் வாதாடும்போது எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. விவரிக்க முடியாத, சொல்லொணாத, பெயரிடவியலாத என்று அடுக்கிக்கொண்டே போவது பல கதைகளில் பயத்தைக் கெடுக்கிறது. அடைமொழிகளைக் குறைத்துக்கொண்ட 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கதையைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு விவசாயியின் கிணற்றோரம் விண்கல் விழுகிறது. அந்த வருஷம் பழங்கள் கொழுகொழுவென்று காய்க்கின்றன, வாயில் வைத்தால் கசப்பு. மெல்ல மெல்ல மரம், மாடு, மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமே சாம்பல் நிறமாக உதிர்கிறது. வந்தது எது, அதற்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. லவ்கிராஃப்டுக்கும் தன் கதைகளில் அதுவே மிகவும் பிடிக்கும். 1927இல் அதை வெளியிட்ட 'அமேசிங் ஸ்டோரீஸ்' இழுத்தடித்துக் கொடுத்த சன்மானம் 25 டாலர்.

இங்கிலாந்தில் இதே வேலை வேறு தோரணையில் நடந்தது. அங்கே பத்திரிகைக் கடிதமும் ஓட்டும் இல்லை, நண்பர் வட்டம் இருந்தது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எம். ஆர். ஜேம்ஸ் கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் அறைக்கு நண்பர்களை அழைப்பார். எழுதி அப்போதுதான் மை காய்ந்த தாள்களோடு வந்து, ஒன்றைத் தவிர மற்ற மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டு வாசிப்பார். அவர் பிழைப்புக்கு ஆராய்ச்சியாளர். பழைய கையெழுத்துச் சுவடி, பழைய தேவாலயம், பழைய விவிலியப் பிரதி. கதைகளிலும் அவையே. 1904 தொகுப்பில் உள்ள 'கவுண்ட் மேக்னஸ்' கதையில், ஸ்வீடனுக்குப் போன ஒரு பயணி, கொடுங்கோலன் ஒருவனின் செப்புச் சவப்பெட்டியைப் பார்க்கிறான். மூன்று பூட்டுகள். உங்களை ஒருமுறை பார்த்தால் தேவலை என்று விளையாட்டாக முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறான். அடுத்தடுத்து வரும்போது பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் கிடக்கின்றன. அலறல் கிடையாது, ரத்தம் கிடையாது. காலடியில் இரும்பு விழுகிற ஓசை மட்டும். வாய்விட்டு வாசித்துக் கேட்பதற்கென்றே எழுதப்பட்டதால், இந்தக் கதைகளின் வாக்கியங்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். லவ்கிராஃப்ட் இவரை வானளாவப் புகழ்ந்தார். பதிலுக்கு இவர் அந்தக் கட்டுரையின் நடையைப் பார்த்து முகம் சுளித்தார்.

ஜேம்ஸின் வட்டம் அவரோடு முடியவில்லை. 1979இல் ரோஸ்மேரி பார்டோ 'கோஸ்ட்ஸ் அண்ட் ஸ்காலர்ஸ்' என்று ஜேம்ஸ் மரபுக்கே ஒரு சிற்றிதழ் தொடங்கினார். அவருக்கு முன்பே ராபர்ட் ஐக்மன், 1964 முதல் 'ஃபோன்டானா' மலிவுப் பதிப்பில் எட்டுத் தொகுதிகளாக நல்ல பேய்க்கதைகளைத் தேடிச் சேர்த்திருந்தார். சொந்தக் கதைகளையும் அதில் நுழைத்துக்கொண்டார், தகுதியுள்ள நுழைவு. அவருடைய 'தி ஹாஸ்பிஸ்' கதையில் பெட்ரோல் தீரும் நிலையில் வழிதவறிய ஒருவன் விடுதி ஒன்றில் தங்குகிறான். தட்டுக் கொள்ளாமல் சோற்றைக் குவித்துவைக்கிறார்கள், மிச்சம் வைத்தால் வருத்தப்படுகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் கணுக்காலில் விலங்கு, அது தரையோடு போகும் கம்பியில் பிணைத்திருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. காலையில் அவனை ஊருக்கு அனுப்பியும் வைத்துவிடுகிறார்கள். படித்துவிட்டுப் புத்தகத்தைச் சுவரில் எறிந்தவர்களும் உண்டு, அடுத்த கதைக்கு ஓடியவர்களும் உண்டு.

இருந்தும் ஐக்மன் பட்டியல்களில் கீழேதான் வருவார். இதற்குத் தரம் காரணமில்லை, காப்புரிமை. பிளாக்வுட் 1951இல் இறந்தவர். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு என்ற இந்தியச் சட்டப்படி அவர் எழுத்து எப்போதோ பொதுவுடைமை. ஜேம்ஸ், மேக்கன், லவ்கிராஃப்ட் அதற்கும் முன்பே. கட்டணமில்லாமல் மின்நூலாக எங்கும் கிடைக்கிறார்கள். 1981இல் இறந்த ஐக்மனுக்கு 2041 முடிய வேண்டும். நெடுங்காலம் அவர் நூல்கள் விலை கூடிய சிறுபதிப்புகளாகவே கிடந்தன; 2014இல் நூற்றாண்டையொட்டி ஃபேபர் பதிப்பகம் மறுபதிப்புப் போட்ட பிறகே இளம் வாசகர்கள் கைக்கு வந்தார். ரசனை, ரசனை என்று நாம் சொல்வதில் பாதி, சும்மா கிடைப்பதைப் படிப்பதுதான்.

ஏழெட்டுப் பேர் கையால் தொகுக்கப்பட்ட சொத்தில் அவர்களுடைய குருட்டுப் பக்கங்களும் சேர்ந்தே வரும். லவ்கிராஃப்டின் இனவெறி மறைவானதல்ல. 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்' கதையில் நியூயார்க்கின் குடியேறிகள்தான் திகிலே. பல ஆண்டுகள் உலக ஃபேன்டஸி விருதின் சிற்பம் அவருடைய தலைதான். 2011இல் அதைப் பெற்ற நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர், தன் வீட்டில் அந்தத் தலை இருப்பது குறித்து வெளிப்படையாக எழுதினார். 2015க்குப் பிறகு சிற்பம் மாற்றப்பட்டது. 2016இல் விக்டர் லாவல் 'தி பாலட் ஆஃப் பிளாக் டாம்' என்று ரெட் ஹூக் கதையை ஒரு கறுப்பின இளைஞனின் கண்வழியே திருப்பி எழுதினார். எனக்கு மூலத்தைவிட அது பிடித்திருக்கிறது, மூலம் அவ்வளவு மோசம் என்பதும் ஒரு காரணம். பெண்கள் விஷயத்திலும் ஓட்டை உண்டு: வியர்ட் டேல்ஸ் வாசகர்கள் 1934இல் தலையில் வைத்துக் கொண்டாடிய 'தி த்ரீ மார்க்டு பென்னீஸ்' கதையை எழுதிய மேரி எலிசபெத் கவுன்சல்மனை இன்று எத்தனை பேர் சொல்கிறார்கள்?

மொழி ஓட்டை இதைவிடப் பெரிது. ரயிலையே பேயாக்கிய போலந்துக்காரர் ஸ்டெஃபான் கிராபின்ஸ்கி 1936இல் இறந்தார். ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு தொகுப்பு வர 1993 ஆனது. இந்த வேலியை ஓரளவு உடைத்தது ஆன், ஜெஃப் வாண்டர்மீர் தம்பதி 2011இல் தொகுத்த 'தி வியர்ட்'. நூறு வருடக் கதைகள், நூற்றுக்கு மேல். அதில் காஃப்கா, அகுதாகவாவுக்குப் பக்கத்தில் தாகூரும் இருக்கிறார்.

தாகூரின் அந்தக் கதை 'க்ஷுதித பாஷாண்', 1895. அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் நீதிபதியாக இருந்த அண்ணன் குடியிருந்த பழைய முகலாய மாளிகையில் இளம் வயதில் தங்கியபோது பிடித்த கரு. கதையில், நிஜாம் ராஜ்ஜியத்தில் பருத்தி வரி வசூலிக்கும் ஒருவன் ஆளற்ற அரண்மனையில் குடியேறுகிறான். பகலில் கோட்டும் தொப்பியுமாகக் கணக்கு எழுதுகிறவன், பொழுது சாய்ந்ததும் இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அந்தப்புரத்துக்குள் இழுக்கப்படுகிறான். பைத்தியம் பிடித்த மெஹர் அலி எல்லாம் பொய் என்று கத்திக்கொண்டே அரண்மனையைச் சுற்றி வருகிறான். இதையெல்லாம் ரயில் நிலையக் காத்திருப்பறையில் ஓர் அந்நியர் இருவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். முக்கியமான இடம் வரும்போது வண்டி வந்துவிடுகிறது. முதல் வகுப்பிலிருந்து தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர் கூப்பிட, அந்நியர் ஏறிப் போய்விடுகிறார். கேட்டுக்கொண்டிருந்த இருவரில் ஒருவர், நம்மை முட்டாளாக்கிவிட்டுப் போகிறான் என்கிறார். இன்னொருவர், அவருடைய உறவினர், தியாசபிக்காரர், ஒவ்வொரு எழுத்தையும் நம்புகிறார். வாக்குவாதம் முற்றி, அன்றோடு இருவருக்கும் ஜென்மத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விடுகிறது.